ஒரு வீடு முன்னால் வைத்த புள்ளிகள்

அரியலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை நான். படித்தது முழுக்கத் தமிழ் வழி. ஒளிச்சேர்க்கை, இழைமணி, மின்காந்தத் தூண்டல் என்று எதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு வந்து, அது ஒன்பதாம் வகுப்பை எட்டியபோது, "சயின்ஸை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க டீச்சர்" என்று தலைமை ஆசிரியர் சொன்ன அன்றிலிருந்துதான் வாயைத் திறக்கவே எனக்குப் பயம் வந்தது.

அந்த இரண்டு பேரில் இன்னொருவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். மற்றவர்களுக்கு அவர் டீச்சர், எனக்கு அக்கா. அவரும் தமிழ் வழியில் படித்தவர்தான். ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழிக்கு அவர் உயிரியல் எடுத்தார். இயற்பியலும் வேதியியலும் என் பங்கு.

பாடம் கஷ்டமில்லை. சொல்தான் கஷ்டம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் மாத்திரை இருக்கிறது. குறில் குறிலாக நிற்கும், நெடில் நெடிலாக நிற்கும், எழுதியிருப்பதைப் படித்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் நீளமான அறிவியல் சொல் அப்படியில்லை. ஐந்து அசை இருந்தால் ஒன்று மட்டும் எழுந்து நிற்கும், மற்ற நான்கும் குனிந்துகொள்ளும். எது எழுந்து நிற்கும் என்பது எழுத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரே குடும்பத்துச் சொல்லிலேயே இடம் மாறும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசை, 'ஃபோட்டோகிராஃபி' என்றால் இரண்டாவது அசை. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

எனக்கு ஒரு குணம் உண்டு. தெரியாது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஆக்கிக்கொள்ள ஏதாவது வழி கண்டுபிடிப்பேன். அந்தக் கோடை விடுமுறையில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆங்கில வழி அறிவியல் புத்தகம் ஆசிரியர்களுக்கென்று எங்கள் பள்ளிக்கு ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய், தடிமனான அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீளமான சொல் ஒவ்வொன்றையும் பென்சிலால் கோடு போட்டு வெட்டினேன். பள்ளியில் வெண்பாவை நேர், நிரை என்று அலகிட்டவளுக்கு வெட்டுவது கைவந்த கலை. வெட்டிய துண்டுகளுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. ஃபோ, டோ, சின், த, ஸிஸ். எந்த அசையை அழுத்த வேண்டுமோ அதன் தலையில் ஒரு கறுப்புப் புள்ளி.

புள்ளியை எங்கே வைப்பது என்பதற்கு அகராதியில் ஒரு குறி இருக்கும். மேலே சின்னதாக நிற்கும் ஒற்றைக் கோடு. அந்தக் கோடு எந்த அசைக்கு அடுத்து வருகிறதோ அந்த அசையை அழுத்த வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். காற்புள்ளியோ கேள்விக்குறியோ, எந்தக் குறியையும் சொல்லுக்குப் பின்னால் போட்டுத்தானே பழக்கம். சில சொற்களில் கோடு எல்லாவற்றுக்கும் முன்னால், அதன் இந்தப் பக்கம் ஒரு எழுத்துகூட இல்லாமல் நின்றது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். அச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். பேர்பெற்ற அகராதியில் பக்கத்துக்குப் பத்து அச்சுப் பிழை இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிச்சல் இருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று நம்பத்தான் துணிச்சல் இல்லை.

என் பங்கோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. உயிரியல் பாடங்களுக்கும் சேர்த்துப் புள்ளி வைத்தேன். பள்ளி திறந்ததும் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்து, "உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன்க்கா, இனிமே கவலையே இல்ல" என்றேன். பெரிய தானம் செய்த மாதிரி இருந்தது எனக்கு.

அக்கா புரட்டிப் பார்த்தார். "எவ்ளோ வேலை பாத்திருக்க" என்றார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து, மெதுவாக ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் ஒரு வூடு முன்னாடி வெச்சிருக்கியோம்மா?"

"டிக்ஷனரியப் பாத்து வச்சதுக்கா. காதால கேட்டதை நம்பி வைக்க முடியுமா?"

அந்தக் 'காதால' எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னேன். அக்காவின் வழி காதுதான். காலையில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஃபோனில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். அடுப்பு மேடையில் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பார். மெல்ல, மெல்ல, ஓங்கி, மெல்ல. வகுப்பிலும் அப்படித்தான். சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மேசையில் விரல் நுனியால் தட்டுவார், அழுத்தம் வரும் இடத்தில் மட்டும் விரல் முட்டியால் தட்டுவார். பிள்ளைகளும் பெஞ்சில் தட்டுவார்கள். பக்கத்து வகுப்பில் நான் இருந்தால் எரிச்சலாக வரும். பாடம் நடக்கிறதா பஜனை நடக்கிறதா என்று ஒருநாள் கேட்டும் இருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டார். புத்தகத்தில் என் புள்ளிகளை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அழிக்கவும் இல்லை.

அந்த ஒன்பதாம் வகுப்பு அவருக்கு வேறு மாதிரி. ஆறாம் வகுப்பில் ஆங்கில வழியில் சேர்ந்த முதல் கூட்டம் அது. அதை ஆறிலிருந்து கூடவே கொண்டு வந்தவர் அக்கா. முந்திரிக் காட்டு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் முழுவதையும் ஒரே ஆசிரியர் எடுக்கட்டும் என்று தலைமை ஆசிரியர் நினைத்தார். அக்கா அவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். "பத்து வரைக்கும் நானே கொண்டாந்து வுட்டுடறேன் சார்" என்று அவர் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். வாழ்க்கையில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். தலைமை ஆசிரியர், பயிற்சி முடிந்து வரட்டும், பார்க்கலாம் என்றார்.

பயிற்சி, ஆங்கில வழியில் அறிவியல் எடுப்பவர்களுக்கு. இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பெரம்பலூரில் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியப்போகிற சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. அக்காவும் நானும் அரியலூரில் பஸ் ஏறினோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். புத்தகம் கொண்டு வரச் சொல்லியிருந்ததால் எங்கள் ஒற்றைப் புத்தகத்தை அக்கா தன் பையில் வைத்திருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் இளைஞர், கெட்டிக்காரர். தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள், தாடை எத்தனை முறை கீழே இறங்குகிறதோ அத்தனை அசை என்றார். நாற்பது ஆசிரியர்கள் தாடையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி துக்க வீடு மாதிரியே இருந்தது. டீயும் வடையும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் அகராதிக் குறிக்கு வந்தார். கரும்பலகையில் அந்தச் சின்னக் கோட்டைப் போட்டு, "இது யாருக்குச் சொந்தம்? இதுக்கு அடுத்து வர்ற அசைக்கு. முன்னாடி இருக்கிறதுக்கு இல்ல" என்றார்.

ஒரு புத்தகம் முழுக்க, முன்னூறு பக்கத்துக்கும் மேல், ஒரு புள்ளிகூடத் தன் இடத்தில் இல்லை. கடிதத்தையெல்லாம் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்த தபால்காரர் மாதிரி, ஒவ்வொன்றையும் ஒரு வீடு முன்னால் போட்டிருக்கிறேன். அக்கா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. என் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் ஒரு வருடமாக 'எலக்ட்ரிசிட்டி'யில் 'லெக்'கைப் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கருத்தாளர் பேசிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவே வந்தார். அக்காவுக்கு முன்னால் புத்தகம் திறந்து கிடந்தது. ஒளிச்சேர்க்கைப் பாடம். அவர் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க மேடம்."

அக்கா தூக்கினார். கருத்தாளர் சத்தமாகப் படித்தார். தமிழ் எழுத்தில் இருந்ததைத் தமிழ் எழுத்தில் இருந்தபடியே, என் புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் ஓங்கி அழுத்திப் படித்தார். ஃபோ-டோஓ-சின்தஸிஸ். மை-டோஓ-காண்ட்ரியா. மண்டபம் சிரித்தது.

"எல்லாமே ஒரு அசை முன்னாடி போயிருக்கு. ஒன்னாவது சரியா இருக்கணுமே, ஊஹூம். மேடம், கிளாஸ்லயும் இப்படித்தான் சொல்லிக் குடுப்பீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன், அதற்கு இடம் விடுவோம் என்று காத்திருக்கிற பார்வை. நான்கு ஐந்து நொடி இருக்கும். 'அது நான் எழுதினது' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். மூன்றும் தமிழ் வார்த்தைதான், எதையும் வெட்டி அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அக்கா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "பென்சில்லதான சார் இருக்கு, அழிச்சுக்கலாம்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அதற்கு நடுவே அவர் அந்தச் சொல்லைச் சரியாக ஒருமுறை சொன்னார். 'சின்'னில் நின்றது அழுத்தம், அச்சு அசலாக. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. முன் வரிசையில் ஒருவர் ஃபோனைத் தூக்கி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்ததும் சிறுவாச்சூர் காளி கோவிலுக்குப் போவதாகக் காலையிலேயே பேசி வைத்திருந்தோம். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் திறக்கிற கோவில், அன்று வெள்ளிக்கிழமை. இனி எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர்தான், "வா, சாமி கும்பிட்டுட்டுப் போயிடலாம்" என்றார். கூட்டம் நெருக்கித் தள்ளியது. மாவிளக்குப் போட வந்த பெண்கள் பக்கத்தில் மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். காளிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அங்கேயும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் அக்கா எனக்கும் சேர்த்துப் பூ வாங்கினார். தலையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைக்குள் அந்தப் படம் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுக்களில் சுற்றி முடித்திருந்தது. கீழே சிரிப்பு பொம்மைகள். படத்தில் முகம் இல்லை. புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலும் இரண்டு வளையலும் ஒரு கல் மோதிரமும் இருந்தன. எங்கள் பள்ளியில் அந்த மோதிரத்தைத் தெரியாதவர் இல்லை.

தலைமை ஆசிரியர் என்னை மட்டும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, வேகமாக முடிவெடுக்கிறவர். "பத்தாவது இங்கிலீஷ் மீடியம் முழுக்க நீங்களே எடுத்துக்குங்க டீச்சர். அவங்களுக்கு ஆறு, ஏழு தமிழ் மீடியம் குடுத்துடறேன். மத்த ஸ்கூல்ல நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்" என்றார்.

"சார்" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "டைம் டேபிள் எப்ப சார் வரும்?" என்று கேட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் பண்ணியவளுக்குப் பதவி உயர்வு கிடைத்ததைப் பற்றிப் பழமொழி எதுவும் எனக்குத் தெரியாது. அக்காவிடம் விஷயத்தை யார் சொன்னார்கள் என்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் ஓய்வறையில் அவர் புதிய கால அட்டவணையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, மூடி வைத்துவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். குறி யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துவிட்டது, ஆனால் தெரிவதும் வாயில் வருவதும் வேறு வேறு. உயிரியல் பாடத்தில் ஒரு நீளச் சொல்லைச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரப் பெண் ஒருத்தி எழுந்து, "பயாலஜி மிஸ் வேற மாதிரி சொன்னாங்க மிஸ்" என்று பெஞ்சில் தட்டிக் காட்டினாள். கேலியெல்லாம் இல்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். "உக்காரு" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. சொல்லியிருக்க வேண்டியது 'நன்றி' என்று அன்று மாலை பஸ்ஸில் தோன்றியது.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் புரட்டிக்கொண்டே இருந்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "எந்தப் பாடம்?" என்றார்.

அன்றிலிருந்து வருடம் முழுக்க அது நடந்தது. மறுநாள் பாடத்தில் வரும் சொற்களை முதல் நாள் எனக்குத் தட்டிக் காட்டுவார். "வாலப் பாரும்மா. இட்டின்னு முடியுதா, ஷன்னு முடியுதா, இக்குன்னு முடியுதா? அப்ப வாலுக்கு முந்துன எடத்துலதான் உக்காரும்" என்பார். அகராதியில் நான் தேடாத விதியை அவர் அடுப்படியில் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒருநாள் என்னால் தாங்க முடியாமல், "உங்களுக்குக் கோவமே இல்லியாக்கா?" என்று கேட்டேன். "பிள்ளைங்க தப்பாச் சொல்லிடக் கூடாது பாரு" என்றார். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

தேர்வு முடிவு வந்தது. அந்த வகுப்பில் அறிவியலில் யாரும் தோற்கவில்லை. பள்ளியில் நடந்த பாராட்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். தமிழ் வழியில் படித்து ஆங்கில வழியில் சாதித்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். அக்கா இரண்டாவது வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலோரப் பெண் மேடைக்கு அருகில் வந்து எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நேரே அவரிடம் ஓடினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சால்வையைக் கழற்றவும் தெரியாமல், போட்டுக்கொண்டிருக்கவும் தெரியாமல் நின்றேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்று மேடையில் வைத்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் மைக் பக்கம் போகவில்லை.

அந்தக் கோடையில் ஆசிரியர்கள் வேறு பள்ளி கேட்டு வாங்குகிற மாறுதல் கலந்தாய்வு வந்தது. அக்கா விக்கிரமங்கலம் பக்கம் ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பக்கம் என்றார். பக்கம் இல்லை, அவர் வீட்டிலிருந்து இங்கே வருவதைவிட இரண்டு பஸ் அதிகம். பணி விடுவிப்பு வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிய மத்தியானம் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அவர் பையை நான் தூக்கிக்கொண்டேன். இதையாவது செய்வோம் என்ற அற்பத்தனம்.

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்குப் பெரம்பலூர்ல நான் சொல்லியிருக்கணும். அது என் எழுத்துன்னு. பயந்துட்டேன்க்கா. ஹெச்.எம்.கிட்டயும் வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. உங்க கிளாஸ நான்தான் பிடுங்கிக்கிட்டேன்."

ஒரு வருடத்துக்கு மேல் சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அழுகை வந்தது. அக்கா சேலைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி.

"அத வுடும்மா. அவ்ளோ பேர் சிரிக்கையில யாருக்குத்தான் வாய் வரும்? நான் உன் எடத்துல இருந்தாலும் கம்முனுதான் இருந்திருப்பேன். கிளாஸ் போனது எனக்கு வருத்தம்தான், இல்லைங்கல. புள்ளைங்க பாஸாயிட்டாங்க, முடிஞ்சுது."

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்றுகூட நினைத்துவிட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆனா நீ சிரிச்ச பாரு. நீ சொல்லாதது புரியுது. சிரிச்சது எதுக்குன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல."

"பயத்துல சிரிச்சிட்டேன்க்கா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது. பையை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று ஏறிவிட்டார்.

நான் சொன்னது பொய். அவரும் நம்பியிருக்க மாட்டார். பயத்தில் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும், அது தொண்டையோடு நின்றுவிடும். அன்று எனக்கு வயிற்றிலிருந்து வந்தது. கோடை முழுக்க உட்கார்ந்து நான் அந்தப் பக்கத்தை எழுதியபோது அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அதே பக்கத்தை அவர் கையில் தூக்கிப் பிடித்து, அது அவருடையது என்று எல்லோரும் நினைத்ததும், எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. அதனால்தான் சிரித்தேன்.